"தி எக்ஸ்பிரஸ்": எர்னி டேவிஸ் படம் ஏன் இப்படி மறக்கப்பட்டது?

ஜனவரி 11, இரவு

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அமெரிக்கக் கால்பந்தையும் நிறவெறியையும் வைத்து எத்தனை படம்தான் பார்ப்பது? கண்டிப்பான வெள்ளைக்காரப் பயிற்சியாளர், திறமையான கறுப்பினப் பையன், முதலில் முறைப்பு, கடைசியில் கண்ணீர். 'தி எக்ஸ்பிரஸ்' படத்தை மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?"

அந்த அச்சில் வார்த்த படம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் வரும் ஆள் நிஜ ஆள். எர்னி டேவிஸ், நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், 1961இல் ஹெய்ஸ்மன் கோப்பையை வென்ற முதல் கறுப்பின வீரர். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பரிசு அது, 1935 முதல் கொடுக்கிறார்கள். ஒரு கறுப்பர் கைக்குப் போய்ச் சேர 26 ஆண்டு ஆகியிருக்கிறது. அதை வாங்கி ஒன்றரை ஆண்டுகூட முடிவதற்குள், 1963 மே 18 அன்று, 23 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார்.

படம் 2008இல் வந்தது. கேரி ஃபிளெடர் இயக்கம். ராப் பிரவுன் எர்னியாகவும், டென்னிஸ் குவைட் பயிற்சியாளர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டராகவும் நடித்தார்கள். 4 கோடி டாலர் போட்டு எடுத்து, வசூல் 1 கோடியைக்கூடத் தொடவில்லை. திரையரங்கில் ஓடாத படத்துக்கு அப்புறம் யார் பேச்சு கொடுக்கப் போகிறார்கள்?

நான் பார்த்தது 2010 குளிர்காலத்தில். அப்போது நியூயார்க் மாநிலத்தின் மேற்பகுதியில் வேலை. நியூயார்க் என்றால் நம் ஆட்கள் மன்ஹாட்டனைத்தான் நினைப்பார்கள், நான் இருந்த பக்கம் பசு மாடும் பனியும்தான். பனிப்பொழிவால் இரண்டு நாள் வெளியே போக முடியாமல் கிடந்தபோது, பொது நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த டிவிடிகளில் இது ஒன்று. யாரைப் பற்றிய படம் என்று தெரியாமலேதான் போட்டேன். தாத்தாவிடம் வளரும் ஒரு திக்குவாய்ச் சிறுவன், ரயில் தண்டவாளத்தின் ஓரமாகப் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருக்கிறான், வெள்ளைக்காரப் பையன்கள் வழி மறிக்கிறார்கள், அவன் ஓடுகிறான். அந்த ஓட்டம்தான் பிற்பாடு ஆட்டமாகிறது. அந்த முதல் பத்து நிமிடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி, மேற்கு வர்ஜீனியாவின் மோர்கன்டவுனில் நடக்கும் ஆட்டம். கூட்டம் கத்துகிறது, பாட்டில்கள் பறந்து வருகின்றன, பயிற்சியாளரின் கண்ணில் முதல்முறையாகப் பயம் தெரிகிறது. 1959இல் அங்கே என்ன நடந்தது என்று அதைவிட நன்றாக யாரும் காட்ட முடியாது.

ஜனவரி 12, காலை

"காலால் உதைக்காத ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பேர்?" என்று ஒருவர். நியாயமான கேள்வி, ஆனால் அதற்குள் போனால் வெளியே வர முடியாது. படம் பார்க்க இது போதும்: நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. எர்னி ஆடியது ஹாஃப்பேக் இடத்தில். பந்தை வாங்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவர். கிட்டத்தட்ட நம் கபடியில் பாடிப் போகிறவன் மாதிரி, எதிரணியின் பதினோரு பேரும் அவனையே குறி வைப்பார்கள்.

எல்லாரும் சேர்ந்து ஒருவன் மேல் விழுவதுதான் இந்த ஆட்டத்தின் விதியே. அதனால் ஒருவனை வெறுப்பால் அடித்தார்களா, ஆட்டத்துக்காக அடித்தார்களா என்று நடுவரால் பிரிக்க முடியாது, பிரிக்க மனமில்லாத நடுவருக்கு அதுவே வசதி. பந்து கையை விட்டுப் போன பிறகும் விழுகிற அடி, குவியலுக்கு அடியில் முகத்தில் இறங்குகிற முழங்கை. படம் இதைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறது.

ஜனவரி 12, இரவு

1960 காட்டன் பவுலைப் பற்றி, அதாவது சீசன் முடிந்த பிறகு நடக்கும் அந்தப் பெரிய கல்லூரி ஆட்டத்தைப் பற்றி, விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

1959 சீசனில் சிராக்யூஸ் தோற்கவே இல்லை. 1960 ஜனவரி 1 அன்று டாலஸ் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். டெக்சாஸ் அணியில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. சிராக்யூஸில் மூன்று பேர்: எர்னி டேவிஸ், ஜான் பிரவுன், ஆர்ட் பேக்கர். எர்னிக்குத் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டிருந்தது, ஆடுவாரா மாட்டாரா என்ற நிலை. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள் கெர் ஷ்வேடெஸ் எறிந்த பந்தைப் பிடித்து ஓடி 87 யார்டு டச் டவுன். தொடை நன்றாக இருக்கிற ஆளே அவ்வளவு தூரம் ஓடினால் மூச்சு வாங்கும். அப்புறம் இன்னொரு டச் டவுன், டச் டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் இரண்டு முறை இரண்டிரண்டு புள்ளி, போதாதென்று எதிரணி எறிந்த பந்தையும் இடையில் புகுந்து பிடித்தார். 23க்கு 14. தேசிய வாகையர் பட்டம் சிராக்யூஸுக்கு, ஆட்டத்தின் சிறந்த வீரர் எர்னி.

இடையில் திடலிலேயே கைகலப்பு. கறுப்பின வீரர்களைப் பார்த்துச் சொன்ன வசைச்சொல்லில்தான் அது தொடங்கியது.

அன்று இரவு நடந்ததுதான் என்னை இன்றைக்கும் தொந்தரவு செய்கிறது. பரிசளிப்பு நிகழ்ச்சி. கறுப்பின வீரர்களிடம் சொல்லப்பட்டது: பரிசை வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு நடக்கும் கொண்டாட்டத்தில் இருக்கக் கூடாது. ஆட்டத்தையே வென்று கொடுத்தவனுக்கு இது. அவனுக்கு அப்போது வயது 20.

அடித்து ரத்தம் வரவைத்தால் ஊர் பார்க்கும், பத்திரிகை எழுதும். ஓட்டல் வாசலில் தாழ்ந்த குரலில், மரியாதையாகவே, "நீங்கள் இப்போது போகலாம்" என்று சொல்வதற்குச் சாட்சியே இருக்காது. கோபப்பட்டால் கோபப்பட்டவன்தான் கெட்டவன் ஆவான். ராப் பிரவுன் அந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை, முகம் மட்டும் மெல்ல மூடிக்கொள்கிறது. விருது எதுவும் கிடைக்காத நடிப்பு. என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த நடிப்புகளில் அது ஒன்று.

ஜனவரி 14, மாலை

என் முதல் குறிப்பில் பெரிய தவறு இருக்கிறது. அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், கீழே படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

மோர்கன்டவுன் காட்சி நடக்கவே இல்லை. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், பிறகு நானே தேடிப் பார்த்தேன். 1959 அக்டோபர் 24 அன்று மேற்கு வர்ஜீனியாவோடு ஆடிய ஆட்டம் சிராக்யூஸின் சொந்தத் திடலான ஆர்ச்போல்டு ஸ்டேடியத்தில் நடந்தது. 44க்கு 0 என்று ஜெயித்தார்கள். பாட்டில் பறக்கவில்லை, அதை வீச வேண்டிய கூட்டமே அங்கே இல்லை. சிராக்யூஸ் அணியின் குவாட்டர்பேக்கே, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரே, அந்தக் காட்சி முழுக் கற்பனை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மேற்கு வர்ஜீனியாக்காரர்கள் கொதித்துப் போனார்கள், கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

பயிற்சியாளர் ஷ்வார்ட்ஸ்வால்டரே மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர், அதே பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர் என்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. அவருடைய சொந்த மண்ணையே வில்லனாக்கியிருக்கிறார்கள்.

நான் "அதைவிட நன்றாக யாரும் காட்ட முடியாது" என்று எழுதினேன். நடக்காத ஒன்றை. இரண்டு நாளாக அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 14, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

"சினிமா என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள், இதற்குப் போய் ஏன் வருத்தம்" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு: சின்னச் சின்ன மாற்றத்தைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. படத்தில் வரும் பருமனான நண்பன் ஜாக் பக்லி கற்பனைப் பாத்திரம்தான், உண்மையான ஜான் பிரவுனின் சாயலில் உருவாக்கியது. அது இருக்கலாம். 2008இல் சிராக்யூஸ் வளாகத்தில் எர்னிக்குச் சிலை திறந்தபோது காலணியில் நைக்கி முத்திரையைச் செதுக்கி வைத்துவிட்டார்கள், அவர் ஆடிய காலத்தில் அந்த நிறுவனமே கிடையாது. அப்புறம் திருத்தினார்கள். இந்த மாதிரித் தவறைத் திருத்திவிட்டுப் போய்விடலாம்.

மோர்கன்டவுன் அப்படி இல்லை. அது நிறவெறி எங்கே இருந்தது என்பதையே மாற்றுகிறது. பேருந்தில் ஏறித் தெற்குப் பக்கம் போனால் வெறி, திரும்பி வடக்கே வந்தால் வீடு என்று ஆக்கிவிடுகிறது. அது உண்மையா?

ஜனவரி 18

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ரொம்ப நாள் முன்பே கிடைத்திருக்கிறது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பனிக்கால வேலையிடத்தில் வயதான கறுப்பின சகஊழியர் ஒருவர் இருந்தார், சிராக்யூஸில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருந்தது. மதிய உணவு நேரத்தில் அவரிடம் ஆர்வமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசினேன். டென்னிஸ் குவைட் எப்படி மனம் மாறுகிறார், அந்தக் கிழவரின் கண்ணில் எப்படி அன்பு வருகிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நல்ல படம்தான். ஆனால் அந்தக் கோச் 1963இல் நின்றுவிடவில்லையே, 1973 வரை இருந்தாரே" என்று மட்டும் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால், எனக்குப் பிடித்த படத்தைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை, அதுதான் காரணம்.

அவர் சொல்ல வந்தது இது. 1970 வசந்த காலப் பயிற்சியை ஒன்பது கறுப்பின வீரர்கள் புறக்கணித்தார்கள். பத்திரிகைகள் எட்டு என்று தப்பாக எண்ணியதால் "சிராக்யூஸ் எட்டு" என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் கேட்டவை நான்கு: வெள்ளை வீரர்களுக்குக் கிடைக்கும் அதே படிப்பு உதவி எங்களுக்கும் வேண்டும், காயம் பட்டால் ஒழுங்கான மருத்துவம் வேண்டும், திறமையைப் பார்த்து அணியில் இடம் கொடுங்கள், பயிற்சியாளர் குழுவில் ஒரு கறுப்பராவது இருக்க வேண்டும். இவ்வளவுதான். இதில் எதைக் கேட்கக் கூடாதது என்று சொல்ல முடியும்?

பயிற்சியாளர் யார்? அதே பென் ஷ்வார்ட்ஸ்வால்டர். எர்னி இறந்து ஏழு ஆண்டு கழிந்துவிட்டது. படத்தில் மனம் மாறி நம்மை அழவைத்த மனிதரின் அணியில்தான் இந்தப் பையன்கள் இதைக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் அந்தச் சீருடையில் மறுபடி ஆடவே இல்லை. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டுப் பதக்கம் கொடுத்தது 2006இல். 36 ஆண்டு. பத்தொன்பது இருபது வயதில் போராடியவர்கள் அறுபதை நெருங்கும்போது மேடைக்கு அழைக்கப்பட்டார்கள்.

2006இல் மன்னிப்பு, 2008இல் படம். எடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. படத்தின் முடிவில் ஒரு வரி எழுத்தாகப் போட்டிருக்கலாம். பயிற்சியாளரை அரக்கனாக்கச் சொல்லவில்லை. நார்மண்டியில் பாராசூட்டில் குதித்த போர்வீரர், ஒன்றுமில்லாத அணியை வாகையராக்கியவர், எர்னியின் மேல் அவர் வைத்த பாசமும் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பையனை உயிராக நேசித்தவர் அடுத்த ஒன்பது பையன்கள் சொன்னதைக் கேட்க மறுத்திருக்கிறார். அந்த மனிதரைப் பற்றிப் படம் எடுத்திருந்தால் இதைவிட எத்தனை மடங்கு பெரிய படமாக இருந்திருக்கும்!

ஜனவரி 19

"1937 பற்றித் தெரியுமா" என்று கேட்டு ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனவருக்கு நன்றி. நேற்று முழுவதும் அதிலேயே போயிற்று. கேட்கிற யாருக்கும் அந்தப் பெயர் விசித்திரமாகத்தான் இருக்கும்: வில்மெத் சிதாத் சிங்.

வாஷிங்டனில் பிறந்த கறுப்பினப் பையன். தந்தை இறந்த பிறகு தாய், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் சிதாத் சிங்கை மணந்தார். மாற்றாந்தந்தையின் பெயரோடு ஹார்லமில் வளர்ந்தான். கூடைப்பந்து ஆடச் சிராக்யூஸுக்கு வந்தவன் கால்பந்திலும் நட்சத்திரமானான். பெயர் இப்படி இருந்ததால் பத்திரிகைகள் அவனை "ஹிந்து" என்று எழுதின. அந்தக் கால அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து வந்த எல்லாருக்கும் அதுதான் பெயர், மதத்தைப் பற்றிய சொல்லாக அங்கே அது இல்லை. பல்கலைக்கழகமும் மறுத்துச் சொல்லவில்லை. ஹிந்து என்றால் ஆடலாம், கறுப்பர் என்றால் ஆடக் கூடாது.

ஏனென்றால் அப்போது எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது, கனவான்கள் ஒப்பந்தம் என்பார்கள். தெற்கத்தி அணியோடு ஆடும்போது வடக்கத்தி அணி தன் கறுப்பின வீரரை வெளியே உட்கார வைத்துவிடும். 1937 அக்டோபரில் பால்டிமோரில் மேரிலாந்துடன் ஆட்டம். அதற்குச் சற்று முன்பு சாம் லேசி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், இவர் ஹிந்து அல்ல, நம்மவர் என்று எழுதிவிட்டார். கறுப்பர் இருந்தால் ஆட மாட்டோம் என்றது மேரிலாந்து. சிராக்யூஸ் என்ன செய்தது தெரியுமா? "அப்படியானால் ஆட்டமே வேண்டாம்" என்று சொல்லவில்லை. சிதாத் சிங்கை உட்கார வைத்தது. 13க்கு 0 என்று தோற்றது. அடுத்த ஆண்டு மேரிலாந்து சிராக்யூஸுக்கு வந்தது, சிதாத் சிங் ஆடினார், 53க்கு 0.

53க்கு 0. இந்த எண்ணை நேற்றிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாம் லேசி செய்தது சரியா என்று ஒருவர் கேட்டார். அந்தப் பையனின் ஆட்டம் அதனால்தானே போயிற்று என்பது அவருடைய வாதம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் ஆடியது தன் பேரில் இல்லையே. ஹிந்து என்ற முகமூடியோடு எத்தனை டச் டவுன் போட்டாலும், கறுப்பரால் இது முடியும் என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் வராது. லேசி அந்த வசதியைத்தான் பறித்தார். விலையைக் கொடுத்தது மட்டும் பையன், அதுதான் வலி.

எனக்கு இதில் சொந்தமாக ஒரு உறுத்தல் உண்டு. அமெரிக்காவில் இருந்தபோது, சின்ன ஊர்க் கடைகளில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் முகம் தளர்ந்து பேசியவர்கள் உண்டு. அப்பாடா என்று இருக்கும். அந்த "அப்பாடா" எதிலிருந்து தப்பியதற்கு என்று அப்போது யோசித்ததில்லை. 1937இல் சிதாத் சிங்குக்குக் கிடைத்ததும் அதே தளர்வுதான், என்னிடமிருந்து அதை யாரும் திரும்பப் பிடுங்கவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

சிதாத் சிங் டஸ்கீகி விமானிகளில், அதாவது அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின விமானிகளில், ஒருவராகி, 1943இல் பயிற்சிப் பறப்பின்போது ஹியூரான் ஏரியில் விழுந்து இறந்தார். 25 வயது. மேரிலாந்து 2013இல் மன்னிப்புக் கேட்டது.

எர்னி 44 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு ஓடியதற்கு இருபத்திரண்டு ஆண்டு முன்னால் அதே பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. அங்கே வெறி தெற்கிலிருந்து வந்தது, வளைந்து கொடுத்தது வடக்கு. படத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஜனவரி 20

சுருக்கமாக, ஜானி பிரைட் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், அது வேறு பல்கலைக்கழகம், வேறு ஆண்டு. டிரேக் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய கறுப்பின வீரர். 1951 அக்டோபரில் ஒக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், பந்து கையில் இல்லாதபோதே முகத்தில் அடித்துத் தாடையை உடைத்தார்கள். உடைந்த தாடையோடு 61 யார்டு டச் டவுனுக்குப் பந்து எறிந்தார். அந்த அடியை வரிசையாகப் படம் பிடித்த இரண்டு புகைப்படக்காரர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடித்தவருக்குத் தண்டனை இல்லை. பிரைட் கனடாவுக்குப் போய் ஆடி, எட்மன்டனில் பள்ளித் தலைமையாசிரியராக வாழ்ந்தார். கேமரா இல்லாத ஆட்டங்கள் எத்தனையோ. நான் 12ஆம் தேதி குவியலுக்கு அடியில் விழும் முழங்கையைப் பற்றி எழுதியது இதை மனதில் வைத்துத்தான்.

ஜனவரி 25

இவ்வளவு குறை சொன்ன பிறகு நேற்று படத்தை மறுபடி முழுதாகப் பார்த்தேன். பிடிக்காமல் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது.

மோர்கன்டவுன் காட்சியைத் தள்ளிவிட்டேன். கடைசி அரை மணி நேரத்தைத் தள்ள முடியவில்லை.

நிறவெறியைப் பற்றிய படங்கள் வெற்றியோடு முடிந்துவிடும், பார்க்கிறவருக்கு நிம்மதி. இந்தப் படம் முடிவதில்லை. ஹெய்ஸ்மன் வாங்குகிறார், அதிபர் கென்னடியைச் சந்திக்கிறார். கல்லூரியில் மொத்தம் 2386 யார்டு ஓடி, அவருக்கு முன்பு சிராக்யூஸில் ஆடிய நட்சத்திரமான ஜிம் பிரவுனின் சாதனைகளைத் தாண்டியிருந்தார். 1962இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது முதல் ஆளாக எடுத்தது வாஷிங்டன் அணி. அந்தக் கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்: லீக்கில் கறுப்பரே இல்லாமல் கடைசிவரை அடம்பிடித்த அணி அது. புதிய ஸ்டேடியம் மத்திய அரசின் நிலத்தில் இருந்ததால், உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால், நீங்கள் கறுப்பரைச் சேர்க்காவிட்டால் இடம் கிடையாது என்று நெருக்கினார். அதனால்தான் இறங்கி வந்தார்கள். எடுத்த கையோடு எர்னியைக் கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டு, பாபி மிட்செலை வாங்கிக்கொண்டார்கள். கிளீவ்லாந்தில் ஜிம் பிரவுன் இருந்தார். இரண்டு பேரும் ஒரே அணியில், எர்னி அதே 44ஆம் எண்ணில் ஓடுவதைப் பார்க்க ஊரே காத்திருந்தது.

அந்தக் கோடையில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் கிளீவ்லாந்து ஸ்டேடியத்தில் அவரை அறிமுகப்படுத்தினார்கள், விளக்கொளியில் திடலுக்குள் வந்தார். படத்தில் அந்த இடம் வரும்போது இசையைச் சற்று ஏற்றிவிட்டார்கள், தேவையே இல்லை. 1963 மார்ச்சில் ஒரு பத்திரிகையில் அவர் பெயரில் கட்டுரை வந்தது, தான் துரதிர்ஷ்டசாலி இல்லை என்பதுதான் தலைப்பே. இரண்டு மாதம் கழித்து இறந்துபோனார். எதிரணி, கூட்டம், ஓட்டல் வாசல் எல்லாவற்றையும் தாண்டி வந்த உடம்பு.

என்னைப் பொறுத்தவரை இன்னும் நல்ல படம்தான். பொய்யான காட்சி ஒன்று இருக்கிற நல்ல படம். யாராவது பார்க்கப் போவதாகச் சொன்னால் பார் என்றுதான் சொல்வேன், பார்த்துவிட்டு 1937ஐயும் 1970ஐயும் படி என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

பிப்ரவரி 2

எல்மைரா போயிருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். போனேன், 2011 மே மாதம். எர்னி பன்னிரண்டு வயதில் தாயிடம் வந்து சேர்ந்த ஊர், அவரை "எல்மைரா எக்ஸ்பிரஸ்" என்று அழைத்ததால்தான் படத்துக்கும் அந்தப் பெயர். அவர் படித்த பள்ளி வாசலில் சிலை இருக்கிறது. உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். அதே தோட்டத்தில்தான் மார்க் ட்வைனும் இருக்கிறார். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாம் மார்க் ட்வைனிடம் போகிறார்கள். எர்னியின் கல் முன்னால் நான் போனபோது யாரோ ஒரு பந்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், மழையில் நனைந்து தோல் வெளுத்திருந்தது.

அன்று பார்த்தும் புரிந்துகொள்ளாதது ஒன்று. பக்கத்திலேயே வரிசை வரிசையாகச் சின்ன வெள்ளைக் கற்கள். உள்நாட்டுப் போரின்போது எல்மைராவில் இருந்த சிறை முகாமில் இறந்த தெற்கத்திப் படைவீரர்கள், ஏறத்தாழ 3000 பேர். அவர்களைப் புதைத்தவர் ஜான் டபிள்யூ. ஜோன்ஸ், வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, நடந்தே எல்மைராவுக்கு வந்தவர். தன்னை அடிமையாக வைத்திருக்கப் போரிட்டவர்களை ஒவ்வொருவராக, பெயரும் படைப்பிரிவும் எழுதிப் புதைத்திருக்கிறார். குடும்பங்கள் தேடி வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று. அவரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

வடக்கு, தெற்கு என்று ஜனவரி முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன். இதை அப்போதே தெரிந்துகொண்டு அந்த வரிசைகளுக்கு நடுவில் ஒரு முறை நடந்திருக்கலாம். காரை நிறுத்திய இடத்திலிருந்து ஐந்து நிமிடம் இருக்கும்.

பிப்ரவரி 3

25ஆம் தேதிக் குறிப்பில் இன்னொரு திருத்தம். 44 சிராக்யூஸ் எண். கிளீவ்லாந்தில் அவருக்குக் கொடுத்தது 45. ஒரு ஆட்டமும் ஆடாதவரின் அந்த எண்ணை அந்த அணி அப்புறம் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.